ஏக்கர், றூட், பேர்ச்: ஒரு கியூஜிஐஎஸ் செருகுநிரலை எழுதி வெளியிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்துக் குளங்களின் கீழுள்ள வயல் துண்டுகளை வரைபடத்தில் போட்டால், ஒவ்வொன்றின் பரப்பையும் ஏக்கர், றூட், பேர்ச் என்று எழுதித் தரும் ஒரு சின்னச் செருகுநிரலை, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளுக்கு எழுதி வெளியிட்டேன். அதன்பிறகு அறிவியல் நகர் பல்கலைக்கழக மாணவர்கள், பிரதேச செயலகங்களின் வெளிக்கள உத்தியோகத்தர்கள், கமக்காரர் அமைப்புகளில் கணக்கு எழுதுகிறவர்கள், முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்திலிருந்து முன்பின் தெரியாதவர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டதை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். செருகுநிரல் என்பது பெரிய மென்பொருளோடு சேர்த்துப் போடும் சின்ன நிரல். அப்படி எழுதினாலும் வாயில் வருவது பிளகின்தான், இரண்டும் ஒன்று. நிரலுக்குள் வரும் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன், கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

கியூஜிஐஎஸ் தானாகவே பரப்பளவு காட்டுகிறதே, பிறகு ஏன் இது?

காட்டுகிறது. சதுர மீற்றர், ஹெக்டேயர், ஏக்கர் எது கேட்டாலும் காட்டும். ஆனால் அது சொல்வது 2.68 ஏக்கர். எங்கள் பெர்மிட்டிலும் உறுதியிலும் நில அளவைப் படத்திலும் இருப்பது 2 ஏக்கர், 2 றூட், 29 பேர்ச். ஓர் ஏக்கருக்கு 4 றூட், ஒரு றூட்டுக்கு 40 பேர்ச். கூட்டத்தில் ஒரு ஐயா எழும்பி "என்ரை துண்டு எவ்வளவு வருது தம்பி?" என்று கேட்கும்போது தசமத்தில் பதில் சொன்னால் அவருக்கு விளங்காது. விளங்காத கணக்கை ஏன் அவர் நம்ப வேண்டும்? சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் முழு வயலுக்கும் காணாத வருடங்களில் எத்தனை ஏக்கர் விதைப்பது, ஆருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான் வந்து நிற்கும்.

முதலில் நான் செருகுநிரல் எழுதவில்லை. அட்டவணைக்குள் இருக்கும் ஃபீல்ட் கல்குலேட்டரில் ஒரு நீண்ட சூத்திரம் போட்டு வேலையை முடித்தேன். எனக்கு அது போதும். மற்றவர்களுக்கு அனுப்பத் தொடங்கியபோதுதான் கரைச்சல். ஒருவர் சூத்திரத்தை வேர்டில் ஒட்டிவைத்தார், நேர் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறி எல்லாம் சிவப்பாக வந்தது. இன்னொருவருக்கு எல்லாத் துண்டும் பூச்சியம் காட்டியது. அவருடைய திட்டக்கோப்பில் பரப்பின் அலகு ஏற்கெனவே ஏக்கர். டொலர்-ஏரியா என்ற மாறி திட்டத்தின் அலகில்தான் விடை தரும், நான் அதைச் சதுர மீற்றர் என்று நினைத்து மேலும் 4046.86 ஆல் வகுத்திருந்தேன். நாலைந்து பேருக்கு நாலைந்து விதமாக உடைந்த பிறகுதான் செருகுநிரல் யோசனை வந்தது.

ஆகவே கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, சூத்திரம் போதுமென்றால் சூத்திரத்தோடு நில்லுங்கள். அதே வேலையைப் பத்துப் பேர் உங்களிடம் கேட்டு வந்தால் மட்டும் மேலே வாசியுங்கள்.

எவ்வளவு நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டும்?

பைதன் மொழியில் பட்டியல், அகராதி, வகுப்பு, விதிவிலக்கு இந்த நாலும் பிடிபட்டிருந்தால் தொடங்கலாம். கியூஜிஐஎஸ்ஸை 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கினார். உள்ளே சி பிளஸ் பிளஸ், திரையில் தெரிகிற எல்லாம் கியூட்டி என்ற நூலகம், வெளியாட்கள் கைவைப்பதற்குப் பைதன் வாசல். அந்த வாசலைப் பழக நல்ல இடம் மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் பைதன் கன்சோல். ஒரு படலத்தை (வரைபடத்தின் ஒரு தரவு அடுக்கை) தெரிவுசெய்து, அதன் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பை அச்சிட்டுப் பாருங்கள். கன்சோலில் இருபது வரியில் ஓடாத ஒன்று செருகுநிரலில் இருநூறு வரியிலும் ஓடாது.

ஒரு செருகுநிரலுக்குள் உண்மையில் என்னதான் இருக்கிறது?

ஒரு கோப்புறை, அதற்குள் குறைந்தது இரண்டு கோப்பு. ஒன்று மெட்டாடேட்டா என்ற எழுத்துக்கோப்பு: பெயர், பதிப்பு, ஆசிரியர், எந்தக் கியூஜிஐஎஸ் பதிப்பிலிருந்து வேலை செய்யும் போன்ற விபரங்கள். மற்றது இனிட் என்ற பைதன் கோப்பு. அதில் கிளாஸ்ஃபாக்டரி என்று ஒரு செயற்கூறு இருக்க வேண்டும்; மென்பொருள் அதைக் கூப்பிட்டு, ஐஃபேஸ் என்ற கைப்பிடியைக் கொடுக்கும். உங்கள் வகுப்பைத் திருப்பிக் கொடுப்பது அதன் வேலை. அந்த வகுப்பில் இனிட்-ஜியுஐ என்பது கடையைத் திறப்பது, அன்லோட் என்பது கடையை மூடுவது.

மூடுவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். திறக்கும்போது கருவிப்பட்டையில் ஒரு பொத்தானை வைத்தீர்களா, மூடும்போது நீங்கள்தான் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஒவ்வொரு முறை மீளேற்றும்போதும் இன்னொரு பொத்தான் முளைக்கும். என் திரையில் ஒருநாள் பதினொரு நெற்கதிர்ச் சின்னம் வரிசையாக நின்றது.

பிளகின் பில்டர் பாவிக்கலாமா?

பாவிக்கலாம், ஆனால் முதல் முறை வேண்டாம். அது ஒரு படிவத்தை நிரப்பக் கேட்டு, முழுக் கோப்புறையையும் எழும்பவைத்துத் தரும். அதில் பாதிக் கோப்பு ஏன் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, தெரியாததை அழிக்கவும் பயமாயிருக்கும். முதல் செருகுநிரலை வெறுங்கையால் எழுதுங்கள், நாற்பது வரி வரும். இரண்டாவதற்கு பில்டரைக் கூப்பிடுங்கள்.

மென்பொருளை மூடாமலே செருகுநிரலை மீளேற்றும் பிளகின் ரீலோடர் மட்டும் முதல் நாளே வேண்டும். நிரலில் ஒரு எழுத்தை மாற்றிவிட்டு மென்பொருளை மூடித் திறந்துகொண்டிருந்தால், பழைய மடிக்கணினியில் பொழுது அதிலேயே போய்விடும்.

தனி உரையாடல் பெட்டி வரைவதா, புரொசெசிங் கருவிப்பெட்டிக்குள் வைப்பதா?

உள்ளே ஒரு படலம், வெளியே ஒரு படலம் அல்லது அட்டவணை என்ற மாதிரியான வேலைக்கு புரொசெசிங் பக்கம் போங்கள். பெட்டியை மென்பொருளே வரைந்துவிடும், ஒரே தடவையில் முப்பது கோப்பை ஓட்டும் வசதியும் சும்மா கிடைக்கும், பல கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கும் சங்கிலியிலும் அதை ஒரு கண்ணியாகச் செருகலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த வேலை பின்னணியில் தனி இழையில் ஓடும். அங்கிருந்து ஐஃபேஸைத் தொட்டாலோ செய்திப்பெட்டி போட்டாலோ மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் விழும்.

நான் முதலில் அழகான பெட்டி வரைந்து இரண்டு கிழமை வீணாக்கினேன். இப்போது அது இல்லை. ஆரும் கேட்கவும் இல்லை.

என் வயல்கள் கடலுக்குள் விழுகின்றன. ஏன்?

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இலங்கையில் இரண்டு தேசிய ஆள்கூற்று வலைகள் புழக்கத்தில் இருக்கின்றன. பழையது கண்டவளை என்ற பழைய அளவை ஆதாரத்தில் அமைந்தது, இபிஎஸ்ஜி எண் (ஒவ்வொரு ஆள்கூற்று முறைக்கும் உள்ள அடையாள எண்) 5234. புதியது 1999இல் வந்தது, எண் 5235. இரண்டுக்கும் நடுப்புள்ளி ஏறத்தாழ பீதுருதலாகலை மலையில்தான். எதிர் எண் வராமலிருக்க அந்த நடுப்புள்ளிக்கு ஒரு பொய்த் தொடக்கம் கொடுப்பார்கள். பழைய வலையில் அது கிழக்கே 2,00,000 மீற்றர், வடக்கே 2,00,000 மீற்றர். புதியதில் இரண்டும் 5,00,000.

கிளிநொச்சி நகரத்தை எடுத்தால், பழைய வலையில் கிழக்கு சுமார் 1,59,000, வடக்கு சுமார் 4,63,000. புதிய வலையில் அதே இடம் 4,59,000, 7,63,000. பழைய எண்களைப் புதிய வலை என்று சொல்லித் திறந்தால் எல்லாம் 300 கிலோமீற்றர் மேற்கே, 300 கிலோமீற்றர் தெற்கே நகரும். கிளிநொச்சி வயல் குமரிமுனைக்குத் தெற்கே நடுக்கடலில் மிதக்கும். மறுதலையாகச் செய்தால் வங்கக் கடல். இப்போது உங்கள் வயல் எந்தக் கடலில் கிடக்கிறது என்று பார்த்தாலே பிழை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

வன்னியில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்லும் குறுக்குவழி வடக்கு எண்ணின் முதல் இலக்கம். 4 என்றால் பழையது, 7 என்றால் புதியது. வவுனியா நகரிலும் அதற்குத் தெற்கேயும் இது மாறும், அங்கே கண்ணை மூடிக்கொண்டு பாவிக்க வேண்டாம். வடக்கு எண் பத்து இலட்சத்தைத் தாண்டினால் அது இரண்டுமில்லை, பெரும்பாலும் யூடிஎம் என்ற உலகளாவிய வலையின் 44 வடக்கு வலயம், எண் 32644.

செருகுநிரலில் நான் செய்திருப்பது, படலத்தின் எல்லை இலங்கைக்கு வெளியே விழுந்தால் கணக்குப் போட மறுப்பது. பிழையான விடையைக் காட்டிலும் விடை இல்லாதது நல்லது. "இது ஏன் மறுக்குது" என்று வந்த முறைப்பாடுகளில் முக்கால்வாசி, ஆள்கூறு பிழையாகப் போட்ட கோப்புகள்.

பரப்பை எந்த வலையில் கணக்கிடுகிறீர்கள்? வித்தியாசம் பெரிதா?

எதில் வரைந்தாலும், கணக்கை நீள்கோளத்தின் (பூமியின் வடிவத்துக்கு நெருங்கிய கணித உருவத்தின்) மேல் போடுகிறேன். கியூஜிஎஸ்-டிஸ்டன்ஸ்-ஏரியா என்ற வகுப்புக்கு மூல ஆள்கூற்று முறையையும் நீள்கோளத்தையும் கொடுத்தால் உண்மைச் சதுர மீற்றர் கிடைக்கும். நீள்கோளத்தைக் கொடுக்க மறந்தால் அது சத்தமில்லாமல் தட்டைக் கணக்குக்குப் போய்விடும், பிழைச் செய்தி எதுவும் வராது.

தட்டைக் கணக்கில் எவ்வளவு வழுவும்? கிளிநொச்சியில் 10 ஏக்கர் வயலுக்கு: 5235 வலையில் ஒரு பேர்ச்சில் ஐந்தில் ஒரு பங்கு கூடக் குறையாது. யூடிஎம்மில் ஒரு பேர்ச்சுக்குக் கொஞ்சம் மேல் குறையும். இணைய வரைபடங்கள் பாவிக்கிற வெப் மெர்கேட்டரில் 3 சதவீதத்துக்கு மேல் கூடும். அதாவது இல்லாத ஒரு றூட்டுக்கும் மேலான நிலம் கடதாசியில் முளைக்கும். செய்மதிப் படத்தைப் பின்னணியாகப் போட்டதும் திட்டமே அந்த வெப் மெர்கேட்டருக்கு (எண் 3857) மாறிவிடுகிறது, புதுப் படலத்தையும் ஆட்கள் அதிலேயே தொடங்கிவிடுகிறார்கள். அதனால்தான் இந்தப் பிழை அடிக்கடி வருகிறது. வாய்க்கால் முழுவதும் இப்படி வரைந்துவைத்தால், குளத்தின் கீழுள்ள மொத்த ஏக்கர் இடாப்போடு ஒருநாளும் ஒத்துவராது.

"3 றூட் 40 பேர்ச்" என்று வந்ததே?

ஓம், அது என் பிழை, முதல் பதிப்பில் இருந்தது. 40 பேர்ச் என்றால் அது அடுத்த றூட். 39.97 பேர்ச் வந்த துண்டை நான் கடைசியில் முழு எண்ணாக்கினேன், அது 40 ஆகி அப்படியே நின்றது. முதலில் மொத்தத்தையும் பேர்ச்சில் முழு எண்ணாக்கிவிட்டு, பிறகு 160ஆல் வகுத்து ஏக்கர், மீதியை 40ஆல் வகுத்து றூட் என்று பிரித்தால் இந்தச் சிக்கல் வராது. ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். கண்டுபிடித்தது நானல்ல. அச்சடித்த தாளைக் கையில் வாங்கிய, வயல்களை மேற்பார்க்கும் ஒரு வட்டவிதானை, கண்ணாடியைக்கூடப் போடாமல் சொன்னார்: "நாற்பது பேர்ச் எண்டு ஒண்டு இல்லைத் தம்பி."

அன்றிலிருந்து ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் ஓடும் சோதனைகளில் 39.4, 39.5, 39.97, 159.6 என்ற நாலு பேர்ச் மதிப்புகள் நிரந்தரமாக இருக்கின்றன.

கைபேசியால் வரம்பைச் சுற்றி நடந்து எடுத்த எல்லை போதுமா?

ஒரு மதிப்பீட்டுக்குப் போதும். திறந்த வெளியில் கைபேசி சில மீற்றர் வழுவும், மரத்தடியில் இன்னும் கூட. சதுரமான ஓர் ஏக்கர் வயலின் ஒரு பக்கம் 63.6 மீற்றர் வரும். அதில் ஒரு வரம்பு மட்டும் 5 மீற்றர் தள்ளிப்போனாலே 12 பேர்ச்சுக்கு மேல் வித்தியாசம். எனவே பேர்ச்சுக்குப் பின்னால் தசமம் காட்டும் வசதியைக் கேட்டு எழுதாதீர்கள். கேட்டவர்கள் பலர், நான் வைக்கமாட்டேன். 28.83 என்று தாளில் கண்டால் சனம் அதை அளந்த எண் என்று நம்பும்.

நடந்து எடுத்த எல்லைகளில் இன்னொரு வில்லங்கம், தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும்போது கோடு தன்னையே வெட்டி எட்டு வடிவமாவது. எட்டின் ஒரு வளையத்தின் பரப்பு மற்றதைக் கழித்துவிடும், பார்க்க வயல் மாதிரியே இருக்கும். செருகுநிரல் அப்படியான துண்டுகளைத் திருத்தாது, சிவப்பில் காட்டிவிட்டு விடும். தானாகத் திருத்தும் கட்டளை இருக்கிறது, ஆனால் எந்த வளையம் உண்மையில் வயல் என்பதை அயலட்டைக் காணிக்காரர் இருவரும் சேர்ந்து பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகின்றன, அல்லது "Z" மாதிரி ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகின்றன. ஏன்?

கேள்விக்குறி ஒரு நோய், எழுத்துக் குப்பை வேறொரு நோய்.

கேள்விக்குறி வந்தால் குறிமுறை தொலைந்திருக்கிறது. பெரும்பாலும் ஷேப்கோப்பு என்ற பழைய வரைபடத் தரவுக் கோப்புதான் குற்றவாளி. அதன் புலப்பெயருக்கு 10 பைட்தான் இடம்; யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். அப்படியென்றால் மூன்று குறியோடு பெயர் முடிந்துவிடும், "வாய்க்கால்" என்பது "வாய" என்று நிற்கும். ஜியோபக்கேஜ் என்ற புதிய கோப்பு வகைக்கு மாறுங்கள். நான் ஷேப்கோப்பாக வெளியே எழுதும் வசதியையே எடுத்துவிட்டேன், அதற்காகக் கொஞ்சம் ஏச்சும் வாங்கினேன்.

எழுத்துக் குப்பை வந்தால், அந்த அட்டவணை பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டது. எங்கள் அலுவலகங்களின் பழைய இடாப்புகள் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும். அது யூனிகோட் அல்ல, ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது. முதலில் யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள். இந்த மாற்றத்தைச் செருகுநிரலுக்குள் வைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். ஒரே அட்டவணையில் பாமினியும் ஆங்கிலமும் கலந்திருந்தால், எது எது என்று நிரலுக்குத் தெரியாது. ஆங்கிலப் பெயர் தமிழ்க் குப்பையாகும். வைக்கவில்லை.

நிரல் எழுதுகிறவர்களுக்கு மூன்று சொல். பைதனில் கோப்பைத் திறக்கும்போது குறிமுறையை எப்போதும் எழுதிக் கொடுங்கள், விண்டோஸ் தன்பாட்டில் வேறொன்றை எடுத்துக்கொள்ளும். சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பை எழுதினால் யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள், இல்லையென்றால் எக்செலில் இருமுறை சொடுக்கித் திறப்பவருக்குத் தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரியும். பிடிஎஃப் தேவையென்றால் மென்பொருளின் சொந்த அச்சு வடிவமைப்பானைப் பாவியுங்கள். மேட்பிளாட்லிப் என்ற பைதன் நூலகத்தில் வரைந்தால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கலாம், பார்க்கச் சகிக்காது.

இடைமுகத்தையும் தமிழில் வைக்கலாமா?

வைக்கலாம், வைத்திருக்கிறேன். நிரலில் திரையில் தெரியும் ஒவ்வொரு சொல்லையும் டிஆர் என்ற செயற்கூறுக்குள் போட்டால், அவற்றைத் தனிக்கோப்பாகப் பிரித்து மொழிபெயர்த்துச் சேர்க்கலாம். சொல் தெரிவில்தான் சண்டை. "பல்கோணம்" என்று போட்டதை ஒருவரும் அழுத்தவில்லை, "வயல் துண்டு" என்று மாற்றியபின் அழுத்தினார்கள். மெட்டாடேட்டாவை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். பரிசீலிப்பவர்கள் பல நாட்டவர், உங்கள் செருகுநிரல் என்ன செய்யும் என்று அவர்களுக்கு விளங்க வேண்டும்.

என் கணினியில் ஓடுகிறது. வெளியிடலாமா?

இன்னும் இல்லை. எழுதியது சில நாள், மற்றவர்களின் கணினியில் ஓடவைத்தது மாதக்கணக்கு. நான் பான்டாஸ் என்ற நூலகத்தைப் பாவித்திருந்தேன், என்னிடம் இருந்தது. ஒரு அலுவலகத்தின் கணினியில் அது இல்லை, எதையும் நிறுவ அங்கே அனுமதியும் இல்லை. முழுவதையும் பைதனோடு வரும் சிஎஸ்வி நூலகத்தால் திரும்ப எழுதினேன், நிரல் சிறிதாகியது. பொதுவாக, கியூஜிஐஎஸ்ஸோடு வராத எதிலும் சாயாதீர்கள்.

புதிய பயனர் சுயவிபரம் ஒன்றை உருவாக்கி அதில் முதலில் ஓட்டிப்பாருங்கள். பிறகு வேறொருவரின் விண்டோஸ் கணினி. பிறகு நிரல் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். மூன்றாவதுதான் கடினம்.

எந்தப் பதிப்பிலிருந்து ஆதரவு கொடுப்பது?

கியூஜிஐஎஸ்ஸில் நாலு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வரும், அவற்றில் வருடத்துக்கொன்று நீண்டகாலப் பதிப்பு. 3.34, 3.40 இரண்டும் அப்படியானவை. அலுவலகக் கணினிகளில் இருப்பது பெரும்பாலும் ஏதோவொரு பழைய நீண்டகாலப் பதிப்பு, ஆரோ ஒருவர் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டது. மெட்டாடேட்டாவில் குறைந்த பதிப்பு 3.0 என்று தாராளமாக எழுதிவிட்டு, 3.30இல் வந்த புது அலகுப் பெயர்களை நிரலில் பாவித்தால் அங்கே உடையும். நீங்கள் ஓட்டிப்பார்த்த பதிப்பை மட்டும் எழுதுங்கள்.

கியூட்டி 6க்கான மாற்றத்துக்கு முன்கூட்டியே செய்யக்கூடியவை உண்டு. பைகியூட்டி5 என்று நேரே எடுக்காமல் கியூஜிஐஎஸ் தரும் பைகியூட்டி வழியாக எடுங்கள். மாறிலிகளை முழுப்பெயரோடு எழுதுங்கள். சின்னப்படத்தை வளக்கோப்பாகத் தொகுக்காமல் நேரே கோப்பிலிருந்து ஏற்றுங்கள், பைகியூட்டி6இல் அந்தத் தொகுப்பான் இல்லை. அதிகப் பதிப்பு என்ற புலத்தை வெறுமையாக விட்டால் 3.99 என்றுதான் எடுத்துக்கொள்ளும். கியூஜிஐஎஸ் 4 வந்த கணினியில் உங்கள் செருகுநிரல் பட்டியலிலேயே தெரியாது.

களஞ்சியத்தில் ஏற்றுவது எப்படி?

திறந்த மூல வரைபட மென்பொருள்களை ஆதரிக்கும் ஓஎஸ்ஜியோ அமைப்பின் பயனர் கணக்கு ஒன்று வேண்டும். அதை எடுத்துவிட்டு, கோப்புறையை ஸிப் ஆக்கி அதிகாரபூர்வ செருகுநிரல் களஞ்சியத்தில் ஏற்றுவது. ஸிப்பைத் திறந்தால் மேலே ஒரேயொரு கோப்புறை இருக்க வேண்டும். அதன் பெயரில் ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு, இடைக்கோடு தவிர வேறெதுவும் ஆகாது, இலக்கத்தில் தொடங்கவும் ஆகாது. லைசென்ஸ் என்ற கோப்பு பின்னொட்டு இல்லாமல் உள்ளே இருக்க வேண்டும். பைகேச், கிட் போன்ற மறைவுக் கோப்புறைகளை எடுத்துவிடுங்கள். தொகுத்த இருமக் கோப்புகள் கூடாது. மூல நிரலை நீங்கள் வைத்திருக்கும் இணைய முகவரி கட்டாயம்.

மின்னஞ்சலும் கட்டாயம், செருகுநிரலை நிறுவுகிறவர்களுக்கு அது தெரியும். அதற்கென்று ஒரு தனி முகவரி திறந்துகொள்ளுங்கள். செருகுநிரலின் பெயருக்குள் பிளகின் என்ற சொல்லைப் போட வேண்டாம், அங்கே இருப்பதெல்லாம் பிளகின்தானே.

முதல் வெளியீட்டைப் பரீட்சார்த்தம் என்று குறித்து ஏற்றுங்கள். அப்படிச் செய்தால், பரீட்சார்த்தச் செருகுநிரல்களையும் காட்டு என்று அமைப்பில் தெரிவுசெய்தவர்களுக்கு மட்டும் அது தெரியும். அவர்கள் உடைவதற்குத் தயாராக இருப்பவர்கள்.

மறுத்துவிடுவார்களா?

முதல் முறை ஒரு மனிதர் திறந்து பார்ப்பார், தன்னார்வலர். அதே வேலையைச் செய்யும் வேறொன்று ஏற்கெனவே இருந்தால் ஏன் அதிலேயே சேரக்கூடாது என்று கேட்கலாம், கேட்பது நியாயம். என்னிடம் விளக்கக் குறிப்பு போதாது என்றார்கள். இலங்கைக்கு வெளியே பேர்ச் என்றால் மீன் என்றும் நினைப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு வரி சேர்த்து மறுபடி அனுப்பினேன். திருத்தி ஏற்றும்போது பதிப்பெண்ணைக் கூட்டுங்கள்.

விற்கலாமா?

காசு வாங்கலாம், மூடிவைக்க முடியாது. கியூஜிஐஎஸ் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் இருக்கிறது, அதன் நூலகங்களை அழைக்கும் உங்கள் செருகுநிரலும் அதோடு ஒத்துப்போகும் உரிமத்தில்தான் களஞ்சியத்துக்குப் போகலாம். வாங்கியவர் நிரலோடு மற்றவருக்குக் கொடுத்தால் நீங்கள் தடுக்க முடியாது. பயிற்சிக்கும் தரவு ஒழுங்குபடுத்தித் தருவதற்கும் காசு வாங்குகிறவர்கள் உண்டு, அது நல்ல தொழில்.

எங்கள் இடத்தில் இணையம் இல்லை, அல்லது டேட்டா முடிந்துவிடும். எப்படி நிறுவுவது?

செருகுநிரல் சாளரத்தில் ஸிப் கோப்பிலிருந்து நிறுவு என்று ஒரு பகுதி இருக்கிறது. பென்டிரைவில் கொண்டுபோனால் போதும். ஸிப்பைப் பிரித்துவிட வேண்டாம், அப்படியே கொடுங்கள். இப்படி நிறுவியவர்களுக்குப் புதுப்பிப்பு அறிவித்தல் தெரியாமல் போகும் என்பதால், தாளின் அடியில் பதிப்பெண்ணும் அச்சாகும்படி வைத்திருக்கிறேன்.

இந்தத் தாளைக் காட்டி எல்லைப் பிணக்கைத் தீர்க்கலாமா?

இல்லை. 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ் தகுதி பெற்ற அளவையாளர் போடும் படம்தான் படம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கிடைத்த பெர்மிட் காணியென்றால், பிரதேச செயலகத்திலுள்ள காணிப் பிரிவுக்குப் போங்கள். "இது மதிப்பீடு, நில அளவைப் படம் அல்ல" என்ற வரி ஒவ்வொரு தாளிலும் வரும், அதை அணைக்கும் தெரிவு கிடையாது.

கண்ணிவெடி அகற்றிய எல்லைகளைப் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். சில மீற்றர் வழுவும் கருவி அதற்கானதல்ல. அந்தத் தகவலைக் கண்ணிவெடி அகற்றும் பிரிவினரிடம் நேரே கேளுங்கள்.

பிழையைக் காட்ட என் கோப்பை அப்படியே அனுப்பலாமா?

காணிக்காரர் பெயர், அடையாள அட்டை இலக்கம், பெர்மிட் இலக்கம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு இரண்டு மூன்று துண்டு மட்டும் அனுப்புங்கள். முறைப்பாட்டுப் பக்கம் உலகத்துக்கே திறந்தது. தனிப்பட்ட தரவுக்கு 2022இல் சட்டமும் வந்திருக்கிறது. அதைவிடப் பெரிது, ஆரின் காணி எங்கே எவ்வளவு என்பது எங்கள் ஊரில் சும்மா விடயமல்ல. மாதிரித் தரவு என்று செருகுநிரலோடு போவது நான் கற்பனையாக வரைந்த ஏழு துண்டுகள். குளம்கூட இல்லாத குளம்.

பூநகரியில் நாங்கள் பரப்புக் கணக்குத்தான் சொல்வோம். அது வருமா?

பரப்பு என்ற அந்த நில அளவும் வரும், ஆனால் எந்தப் பரப்பு? வரகுப் பரப்பு என்றால் ஓர் ஏக்கருக்கு 16, ஒரு பரப்புக்கு 18 குழி. நெற்பரப்பு என்றால் ஏக்கருக்கு 24, பரப்புக்கு 12 குழி. குழி ஒன்றுதான், பரப்புத்தான் இரண்டு. நெல் வயல் என்பதற்காக நெற்பரப்பு என்று நிரல் தானாக எடுத்தால், உறுதியில் வரகென்று எழுதியிருக்கும் ஒருவருக்குக் கணக்குத் திரும்பிப் பிழைக்கும். அதனால் அடுத்த பதிப்பில் இதைத் தெரிவாக வைக்கிறேன், முன்னிருப்பாக எதையும் வைக்காமல். பழைய உறுதி கையில் உள்ளவர்கள் பெயர்களை மறைத்துவிட்டு, அதில் பரப்பு எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை மட்டும் படம்பிடித்து அனுப்பினால் சோதனைக்கு உதவும்.